சுவரில் விரிந்த சீலை: குற்றாலம் சித்திரசபையும் படத்துணி மரபும்

பாவும் ஊடையும் இணையும்போதே உருவமும் உருவாவது டேபஸ்ட்ரி என்னும் ஐரோப்பியப் படநெசவின் இலக்கணம். ஆனால் உலகறிந்த பாயோ டேபஸ்ட்ரி நெய்யப்பட்டதே அல்ல. 11ஆம் நூற்றாண்டில் லினன் துணிமேல் கம்பளி நூலால் இட்ட பூத்தையல். அதுவும் அப்பெயரையே பெற்றது, சுவரை மறைத்துக் கதை சொன்னதால். தறியை விட்டுவிட்டுப் பயனை அளவுகோலாகக் கொண்டால், நடராசரின் ஓவியமே வழிபடப்படும் குற்றாலம் சித்திரசபையைச் சுவரோவியமாக மட்டும் படிப்பது போதாது என்பது விளங்கும். படத்துணி மரபோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

தமிழில் துணி வெறும் மறைப்பாக இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரையையும் ஓவியம் தீட்டிய விதானத்தையும் ஆடரங்கின் உறுப்புகளாகவே சொல்கிறது. வெற்றிடத்தை அரங்காக்குவது அந்தச் சீலைதான். தஞ்சைப் பகுதியின் கருப்பூர்க் கலம்காரி இதே வேலையைக் கோயிலுக்குச் செய்தது: தேருக்குத் தொம்பை என்னும் உருளைத் தொங்கல், மண்டபத்துக்கு விதானம், வாயிலுக்குத் தோரணம். கடுக்காயும் பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், மூங்கில் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே சுற்றிய துணியைப் பிழிந்தபடி கோடு இழுப்பார்கள். இரும்பும் வெல்லமும் புளித்த நீர் அந்தத் துணியில் பட்டதும் கருக்கும். கதை சொல்லும் சீலைகளில் நடுவே பெரிய தெய்வ உருவம், சுற்றிலும் கதை வரிசைகள் என்ற அமைப்பு அடிக்கடி வரும்.

குற்றாலநாதர் கோயிலிலிருந்து தள்ளி, குளத்தின் எதிரே தனியாக நிற்கும் சித்திரசபையிலும் அத்தகைய அமைப்பைக் காண்கிறோம். நடராசர் சுவரில் எழுதப்பட்டிருக்கிறார். சுற்றிலும் திருவிளையாடல்கள், துர்க்கை, பைரவர் என்று சுவர் முழுவதும் நிறைகிறது. இந்த அமைப்பொற்றுமையை மட்டும் வைத்துத் துணியிலிருந்து சுவருக்கு வந்தது என்று முடிவு கட்டுவது அவசரம். கேரளச் சுவரோவியத்தின் சாயலும் இங்கே உண்டு. பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியில்தானே இருந்தது. என் வாதம் வழிபாட்டைச் சார்ந்தது.

சிவன் ஆடும் ஐந்து சபைகளில் சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு ஆகிய நான்கிலும் நடராசர் திருமேனியாக நிற்கிறார்; இங்கே ஓவியமே மூலவர். ஆகமச் சிற்ப மரபு முழுவடிவைச் சித்திரம் என்றும், புடைப்புருவைச் சித்திரார்த்தம் என்றும், எழுதிய உருவைச் சித்திராபாசம் என்றும் பிரிக்கும். பிற இடங்களில் சுவரை அணிசெய்யும் இந்த மூன்றாம் வகை, இங்கே கருவறை மூர்த்தியின் இடத்தைப் பெறுகிறது. திருவிழாவில் தொம்பையும் விதானமும் சாமியைத் தேடிப் போகும், பிறகு மடித்து வைக்கப்படும். சித்திரசபையிலோ உற்சவ நடராசர் எழுதிய நடராசரைத் தேடி வருகிறார். மார்கழித் திருவாதிரையில் பச்சை சாத்தித் தாண்டவ தீபாராதனை நடப்பது இங்கேதான். மடிக்க முடியாத சீலையாக அந்தச் சுவர் நின்று, இடத்தைச் சபையாக்குகிறது.

இதை ஏற்றால் பாதுகாப்பின் முறையும் மாறவேண்டும். சாரல் காலத்து ஈரம் சுண்ணப்பூச்சின் பகை. மங்கிய கோட்டைப் புது வண்ணத்தால் அழுத்தி எழுதுவது அழகூட்டலாகத் தோன்றலாம். மூலவரின் திருமேனியையே மாற்றுவது அது. பழைய பூச்சை நிலைநிறுத்தும் வேலை முதலில் நடக்க வேண்டும். தூரிகையை எடுக்குமுன் ஓவிய வல்லுநரோடு அர்ச்சகரும் சுவரின் முன் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.