பாதியில் நிற்கிற ஆய்வைப் பேச ஓர் அறை

1926 ஒக்டோபர் 6. பிராக் நகரத்தின் சார்ள்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த வில்லெம் மத்தேசியுசின் அறையில் ஆறு பேர் கூடினார்கள். லைப்சிக்கிலிருந்து வந்திருந்த ஹென்ரிக் பெக்கர் என்ற இளம் மொழியியலாளர் பேசினார். மற்ற ஐந்து பேரும் கேட்டு விவாதித்தார்கள். பிறகும் இப்படித் தொடர்ந்து கூடினார்கள். பிராக் மொழியியல் வட்டம் தொடங்கியது இப்படித்தான்.

அந்த ஐவரில் ஒருவர் ரோமன் யாக்கப்சன். அவருக்கு இது புதிதில்லை. 1915இல் மொஸ்கோவில் மாணவனாக இருந்தபோதே நண்பர்களோடு சேர்ந்து ஒரு மொழியியல் வட்டத்தை நடத்தியவர். வியன்னாவில் இருந்த நிக்கொலாய் ட்ருபெட்ஸ்கோயும் பிராக் வட்டத்தில் இணைந்தார். இடைப்பட்ட நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும் தங்கட அரைகுறை யோசனைகளைக் கடிதங்களில் எழுதி எழுதியே சண்டை பிடித்தார்கள்.

அப்படி என்னதான் கதைத்தார்கள்? கல், பகல், சங்கு என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் 'க' ஒரே மாதிரி ஒலிக்காது. ஆனாலும் எங்களுக்கு அது ஒரே எழுத்துத்தான். காதில் விழுகிற ஒலி வேறு, மொழி வேறுபடுத்திப் பார்க்கிற ஒலி வேறு. இந்த இரண்டாவதைத்தான் ஒலியன் என்கிறோம். ஒலியன் பற்றிய எண்ணம் இவர்களுக்கு முன்பே இருந்தது. அதை ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்தது இந்த வட்டம். 1928இல் ஹேக் நகரில் நடந்த முதலாவது சர்வதேச மொழியியலாளர் மாநாட்டில் யாக்கப்சனும் ட்ருபெட்ஸ்கோயும் கார்செவ்ஸ்கியும் தங்கள் கருத்தைக் கூட்டாக முன்வைத்தார்கள். அடுத்த வருடம் வட்டம் முழுவதும் சேர்ந்து தன் ஆய்வுக் கொள்கைகளை வெளியிட்டது.

1938இல் ட்ருபெட்ஸ்கோய் இறந்துபோனார். அவர் முழுதாக முடிக்காத ஒலியனியல் நூலை, 1939இல் வட்டமே தன் வெளியீடாகக் கொண்டுவந்தது. அதே வருடம் நாஜிகள் பிராக்கைப் பிடித்தார்கள். நவம்பரில் செக் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். யூதரான யாக்கப்சன் டென்மார்க், நோர்வே, சுவீடன் என்று ஓடி 1941இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருடைய விரிவுரைகளைக் கேட்க வந்தவர்களில் மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ரோசும் ஒருவர். மொழியியலில் விளைந்த எண்ணம் மானிடவியலுக்குள்ளும் போனது அந்தப் பழக்கத்தால்தான்.

எங்கட பக்கம் ஆய்வு என்றால் முடிந்த ஆய்வுதான். மங்கள விளக்கு, வரவேற்புரை, பதினைந்து நிமிஷம் வாசிப்பு, நன்றியுரை. கேள்வி கேட்க நேரம் மிஞ்சாது. மட்டக்களப்புப் பேச்சையோ மலையகப் பேச்சையோ பதிவுசெய்து வைத்திருக்கிற மாணவி, "இது எனக்கு இன்னும் விளங்கேல்லை" என்று சொல்ல எங்கே போவாள்? சொன்னால் புள்ளி குறையும் என்ற பயம் வேறு. அதனால் கேள்வி அவளோடேயே நிற்கும், ஆய்வேடு நூலகத்தில் தூங்கும்.

முடிவு தெரிந்த பிறகு கேட்கிற கேள்வி ஆய்வை அதிகம் மாற்றாது. பாதியில் கேட்கிற கேள்விதான் மாற்றும். அதற்கு மண்டபமும் பனரும் தேவையில்லை. மாதம் ஒரு பின்னேரம், ஒரு வகுப்பறை, ஒருவரின் முடியாத வேலை, கேட்க ஐந்து பேர். ஏதாவது ஒரு துறையில் ஆரம்பித்துப் பார்ப்பமே.