பெயர் இல்லாத வளையங்கள்: பழைய கமராக்களின் லென்ஸ் அடப்டர்களை இனங்காண்பது எப்படி?

பழைய பிலிம் கமராக்கள் மீண்டும் அலுமாரிகளிலிருந்து வெளியே வருகின்றன. அப்பாவோ பெரியப்பாவோ ஊரிலிருந்து கொண்டுவந்த கமராவில் படம் எடுத்துப் பார்க்க இங்கு பிறந்த பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பையைத் திறந்தால் கமராவோடும் லென்சோடும் எந்தப் பெயரும் பொறிக்கப்படாத இரண்டொரு உலோக வளையங்களும் கிடக்கும். ஒரு வகைக் கமராவுக்காகச் செய்த லென்சை இன்னொரு வகைக் கமராவில் பூட்ட உதவும் அடப்டர்கள் அவை.

எது எதற்கென்று அறியாமல் முறுக்கினால் லென்சின் புரி கெட்டுவிடும். பயனில்லை என்று எறிந்தால், அதை நம்பியிருந்த நல்ல லென்ஸ் ஒன்றும் வீணாகிவிடும். நான் கமரா திருத்துபவன் அல்ல, கணக்காளன். ஆனால் இந்த வளையங்களை இனங்காண்பது பெரும்பாலும் ஒரு கழித்தல் கணக்குத்தான்.

மூன்று விடயங்களைப் பாருங்கள்

எந்த அடப்டருக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்றில் லென்ஸ் அமரும், மற்றது கமராவில் பூட்டும். இரண்டையும் தனித்தனியே பார்க்கவேண்டும். மூன்றாவது விடயம் வளையத்தின் தடிப்பு. பாடசாலையில் பயன்படுத்திய வேணியர் இடுக்குமானி போன்ற ஒன்று இருந்தால் போதும். லென்ஸ் அமரும் முகத்திலிருந்து கமராவில் அமரும் முகம் வரை அளந்துகொள்ளுங்கள். கமராவுக்குள் நுழையும் காதுகளைச் சேர்த்து அளக்கக்கூடாது.

ஒவ்வொரு வகைக் கமராவிலும் லென்ஸ் வந்து அமரும் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடையே மாறாத ஒரு தூரம் உண்டு. முக்கியமானவை மில்லிமீற்றரில்:

- லைக்கா எம்: 27.8
- லைக்கா 39 திருகு: 28.8
- கெனன் எஃப்டி: 42.0
- மினோல்டா எஸ்ஆர்: 43.5
- கெனன் ஈஎஃப்: 44.0
- எக்சக்டா: 44.7
- எம்42 திருகு, பென்டக்ஸ் கே: 45.46
- ஒலிம்பஸ் ஓஎம்: 46.0
- நிக்கொன் எஃப்: 46.5
- ரி2 திருகு: 55.0

லென்சுக்குரிய தூரத்திலிருந்து கமராவுக்குரிய தூரத்தைக் கழியுங்கள். வருவதுதான் அடப்டரின் தடிப்பு. எம்42 லென்சை கெனன் ஈஎஃப் கமராவில் பூட்டும் வளையம் 1.46 மி.மீ. தடிப்பாக இருக்கவேண்டும். ரி2 லென்சை நிக்கொனில் பூட்டுவது 8.5 மி.மீ. வளையத்தில் பெயர் இல்லாவிட்டாலும் இந்த எண் பொய் சொல்லாது. மலிவான வளையங்கள் சற்று மெல்லியதாகச் செய்யப்படுவதுண்டு என்பதால் சிறிய வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

இதற்கு அழகான உதாரணம் லைக்கா. 1954இல் எம்3 கமரா வந்தபோது பழைய திருகு லென்சுகளும் அதில் வேலை செய்யவேண்டும் என்பதற்காக, புதிய தூரத்தைச் சரியாக 1 மி.மீ. குறைத்தார்கள். அந்த ஒரு மில்லிமீற்றரே அடப்டர். லைக்காவின் தாய் நிறுவனமான லைட்ஸ் 1952இல் எங்கள் ஒன்ராறியோவின் மிட்லண்ட் நகரிலும் தொழிற்சாலை திறந்தது. அதனால் 'லைட்ஸ் கனடா' என்று பொறித்த லென்சுகளை இந்தப் பக்கத்து விற்பனைகளில் கண்டால் அவற்றைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஏமாற்றும் இரட்டையர்கள்

முதலாவது சோடி எம்42உம் ரி2உம். இரண்டும் 42 மி.மீ. குறுக்களவு. ஆனால் எம்42இன் புரிக்கு இடைவெளி 1 மி.மீ., ரி2இன் புரிக்கு 0.75 மி.மீ. ஒன்றை மற்றதில் திருகினால் முதலில் இலகுவாகப் போய், ஒரு சுற்று ஒன்றரைச் சுற்றில் இறுகி நின்றுவிடும். அங்கே பலம் கொடுத்தால் புரி போய்விடும். ரி2 வளையங்கள் பலவற்றில் பக்கவாட்டில் மூன்று மிகச் சிறிய திருகாணிகள் இருக்கும். அதைக் கண்டால் பாதி விடை கிடைத்தமாதிரி.

இரண்டாவது சோடி 39 மி.மீ. திருகுகள். லைக்காவுக்கும், சோவியத் சோர்க்கி, ஃபெட் கமராக்களுக்கும் 28.8 மி.மீ. தூரம். ஆரம்பகால சோவியத் செனிற்றும் 39 மி.மீ. திருகுதான், ஆனால் அதன் தூரம் ஏறத்தாழ 45 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மாற்றிப் பூட்டினால் படம் தெளியாது.

பென்டக்ஸ் கே வேறொரு கதை. எம்42இன் தூரமும் அதுவும் ஒன்று என்பதால் கழித்தால் பூச்சியம் வரும். எனவே பென்டக்ஸ் செய்த அசல் வளையம் வெளி விளிம்பே இல்லாமல் கமராவின் வாய்க்குள் முழுதாக அமர்ந்துவிடும். உள்ளே இருக்கும் சிறிய வில்லை அழுத்தித்தான் அதைக் கழற்றவேண்டும். விளிம்புள்ள வளையம் என்றால் அது வேறு யாரோ செய்தது. அதில் தூரத்துக் காட்சிகள் தெளியமாட்டா.

பூச்சியத்துக்குக் கீழே போனால்

எம்42 லென்சை நிக்கொனில் பூட்டினால் கணக்கு மைனஸ் 1.04 என்று வரும். மைனஸ் தடிப்பில் வளையம் செய்ய முடியாது. ஆகவே நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடப்டர் தேவை. கண்ணாடி இல்லாவிட்டால் அருகிலுள்ள பூவையும் புத்தகத்தையும் எடுக்கலாம், கோயில் கோபுரத்தை எடுக்க முடியாது. வளையத்துக்குள் கண்ணாடி இருந்தால் அது இத்தகைய ஒரு சோடிக்கானதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு கணக்கு

வரிக் கணக்குச் செய்ய என்னிடம் வரும் அக்கா ஒருவர், காலமான கணவரின் கமராப் பையை இந்த வருடம் கொண்டுவந்தார். உள்ளே ஒரு செனிற், அதில் 'ஹெலியோஸ்' 58 மி.மீ. லென்ஸ், ஒரு நிக்கொன் பிலிம் கமரா, ஒரு வளையம். ஊரிலிருந்து வந்தது அந்த லென்ஸ்தான். வளையத்தின் மூலம் அதை நிக்கொனில் பூட்டலாமா என்று மகன் கேட்டிருக்கிறார். ஒரு முகம் 42 மி.மீ. புரி, மறுமுகம் நிக்கொன். கேட்டால் சரிபோலத்தான் தெரியும். அளந்தால் தடிப்பு 8.5. பக்கத்தில் மூன்று திருகாணிகள். அது ரி2 வளையம், ஹெலியோசுக்கு உரியதல்ல. முறுக்கியிருந்தால் அந்த லென்சின் புரிதான் போயிருக்கும். "அப்ப இது எதுக்கு?" என்றார் அக்கா. வீட்டில் ஒரு நீள லென்ஸ் இருக்கவேண்டும் என்றேன். மறுநாள் மகன் அதைக் கட்டிலுக்கடியில் கண்டெடுத்தார்.

பூட்டுவதற்கு முன்

புரி முதல் சுற்றிலிருந்தே விரல் நுனியால் போகவேண்டும். நிக்கொன் லென்சுகள் மற்றப் பல கமராக்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழன்று பூட்டுபவை என்பதை மறக்கவேண்டாம். வாயின் அகலமும் உதவும்: நிக்கொன் 44 மி.மீ., கெனன் ஈஎஃப் 54 மி.மீ. பூட்டியபின் பிலிம் போடாமல், லென்சைத் தூரத்துக்கு வைத்து, உள்ளே உள்ள கண்ணாடி மேலெழும்போது லென்சின் பின்புறத்தில் முட்டுமா என்று பார்த்துவிட்டே படம் எடுங்கள்.

இனங்கண்ட வளையத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டி, எந்த லென்ஸ், எந்தக் கமரா, எத்தனை மி.மீ. என்று தமிழிலேயே எழுதிவையுங்கள். அதற்குப் பிறகும் தெரியாத வளையம் இருந்தால், ரொறன்ரோவில் 1974 முதல் இயங்கும் கனடா ஒளிப்பட வரலாற்றுச் சங்கம் நடத்தும் கமராச் சந்தைக்குக் கொண்டுபோங்கள். லென்சையும் கூடவே கொண்டுபோக மறக்கவேண்டாம். வளையத்தை மட்டும் காட்டினால் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறீர்கள்.