செவில் நகரத்துப் பொற்கோபுரம்

ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரை ஒட்டி ஓடும் ஆறு குவாடல்கிவிர். பேராறு என்று பொருள்படும் அரபுத் தொடரின் திரிபே இப்பெயர். அதன் கரையில், ஆற்றுவழி வரும் பகையைத் தடுக்க, 1220-21ஆம் ஆண்டுகளில் அல்மொகத் ஆட்சியாளர் பன்னிரு பட்டைகொண்ட காவற்கோபுரம் எழுப்பினர். ஆயினும் 1248 மே மாதம் காஸ்தில் நாட்டுக் கப்பற்படை ஆற்றில் ஏறி வந்து, எதிர்க்கரையோடு நகரை இணைத்த படகுப்பாலத்தை உடைத்தது. உணவு வரும் வழி அடைபட்டது. நவம்பரில் நகரம் பணிந்தது. கோபுரம் கைமாறியது, பின்னாளில் சிறையாகவும் பயன்பட்டது.

பொற்கோபுரம் என்னும் பெயருக்கு அமெரிக்கப் பொன்னைக் காரணம் காட்டுவாருண்டு. அது பொருந்தாது, கொலம்பசுக்கு முன்பே வழங்கிய பெயர் இது. பொன்னிற ஓடுகள் பதித்திருந்தனர் என்பதே நெடுநாளைய நம்பிக்கை. 2005ஆம் ஆண்டுத் திருப்பணியின்போதோ, நீரில் பொன்னாய் நிழலிட்டது சுண்ணாம்பும் வைக்கோலும் கலந்த சாந்து என்று தெரியவந்தது. புலவர் மனம் இதற்கு வருந்த வேண்டியதில்லை!

1755ஆம் ஆண்டு லிஸ்பன் நிலநடுக்கத்தில் கோபுரம் சேதமுற்றது. வண்டிப்பாதையை அகலப்படுத்த அதனை இடித்துவிடலாம் என்றனர். நகரமக்கள் ஒப்பவில்லை, அரசரிடம் முறையிட்டனர். இடிக்க வந்த இடத்தில், 1760இல், உச்சியில் வட்டமாடம் ஒன்று புதிதாய் எழுந்தது.