காதை எட்டாத நிறம்

ராஜபாளையம் நாய்க்கு ஊரில் சொல்லும் லட்சணம் இரண்டு: பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. இவை இருந்தால்தான் குட்டிக்கு மதிப்பு. அதே ஈற்றில் காது கேளாத குட்டியும் பிறக்கும் என்பது நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. கூப்பிட்டால் திரும்பாது, தட்டை உருட்டினாலும் எழாது. வெள்ளையும் கேளாமையும் ஏன் ஒன்றாக வருகின்றன? நிறம் கொடுக்கும் ஒரு செல் கருவுக்குள் நடத்தும் பயணத்தைப் பின்தொடர்ந்தால் விடை கிடைக்கும். அதற்கு மெலனோசைட் என்று பெயர். நாம் நிறச் செல் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

இந்தச் செல் பிறப்பதற்கு முன்பே அதன் விதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது. நாயின் ஒவ்வொரு செல்லிலும் 78 குரோமோசோம்கள், மனிதருக்கு 46. தாய் கொடுப்பது 39, தந்தை கொடுப்பது 39. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் எது முட்டைக்குள் போகும், எது விந்துக்குள் போகும் என்பது தற்செயல். அதனால்தான் ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்று நன்றாகக் கேட்கிறது, ஒன்று கேட்காமல் பிறக்கிறது. கருவுற்றபின் அந்த ஒற்றைச் செல் தன் 78 குரோமோசோம்களையும் பிரதி எடுத்து, நடுவில் வரிசையாக நிறுத்தி, சரிபாதியாகப் பங்கிட்டு இரண்டாகிறது. இரண்டு நான்காகிறது. ஏறத்தாழ 63 நாள் கர்ப்பத்தில் ஒரு முழுக் குட்டி உருவாவது இப்படிப் பிரிந்து பிரிந்துதான்.

கருவின் முதுகு நெடுக ஒரு குழாய் மூடிக்கொள்ளும். பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது அதுதான். அது மூடும் விளிம்பில் நரம்பு முகடு என்னும் பகுதி எழுகிறது. நம் நிறச் செல்லின் பிறந்த ஊர் அது. தோல் முழுவதும் நிறம் பரவ வேண்டுமானால், முதுகில் பிறந்த செல்கள் கிளம்பி, வழியெல்லாம் பிரிந்து பெருகி, விலாவைக் கடந்து வயிறு வரை இறங்க வேண்டும். பாதம், நெஞ்சு, வால் நுனி, மூக்கு ஆகியவைதான் கடைசி எல்லைகள். கிளம்பிய செல்கள் குறைவாக இருந்தாலோ, வழியில் மடிந்தாலோ, போதிய வேகத்தில் பெருகாவிட்டாலோ அந்த எல்லைகள் வெறுமையாக நின்றுவிடும். தெருநாய்களிடம் நாம் பார்க்கும் வெள்ளைப் பாதமும் நெஞ்சு வெள்ளையும் அப்படி வந்தவை. ராஜபாளையத்தில் இந்தப் பற்றாக்குறை உச்சத்தில் இருக்கிறது. மூக்கின் தோலுக்குக்கூட நிறம் வந்து சேர்வதில்லை. கீழே ஓடும் ரத்தத்தின் சிவப்புதான் ரோஸ் மூக்காகத் தெரிகிறது.

இதை அல்பினோ என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு. அல்பினோ உடலில் நிறச் செல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நிறமியை உண்டாக்கத்தான் அதற்கு முடியாது. ஆகவே அல்பினோக்களுக்குப் பொதுவாகக் காது கேட்கும். செல்லே வந்து சேராத உடலில்தான் காது பாதிக்கப்படுகிறது. காரணம், உள்காதிலும் நிறச் செல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது.

நத்தைக் கூட்டைப் போலச் சுருண்ட உள்காதின் சுவரில் ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு பட்டை உண்டு. முதுகிலிருந்து கிளம்பிய நிறச் செல்களில் ஒரு பிரிவு அங்கே குடியேறுகிறது. நிறம் பூசுவதற்காக அல்ல. காதுக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தை உயர்த்தி, ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதற்காக. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிர்ச் செல்கள் இயங்குவது இந்த மின்னழுத்தத்தால். நிறச் செல் வராத காதில் அந்தப் பட்டை நலிந்துபோகிறது. பின்னாலேயே மயிர்ச் செல்களும் மடிகின்றன. குட்டியின் காதுத் துவாரம் திறப்பதே பிறந்து இரண்டு வாரம் கழித்துத்தான். மூன்று நான்கு வாரத்துக்குள் இந்த அழிவு நடந்து முடிந்துவிடும். பாலூட்டிகளின் உள்காதில் மடிந்த மயிர்ச் செல் மறுபடி முளைப்பதில்லை. ஆகவே இதற்கு மருந்தில்லை.

வெள்ளை உடலும் நீலக் கண்ணும் கொண்ட பூனைகளுக்குப் பெரும்பாலும் காது கேட்பதில்லை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டார்வின் எழுதிவைத்தார். காரணம் துலங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நாயின் மரபணுத் தொகுதியை 2005-ல் படித்து முடித்தார்கள். 2007-ல் பாக்ஸர் நாய்களை ஆராய்ந்தபோது, வெள்ளைக்குக் காரணமான மாற்றம் 20-ஆம் குரோமோசோமில், எம்.ஐ.டி.எஃப். என்ற மரபணுவின் பக்கத்தில் இருப்பது தெரிந்தது. நிறச் செல் உருவாகவும் உயிரோடிருக்கவும் தேவையான மற்ற மரபணுக்களை இயக்குவது இதுதான். மாறிய பிரதி பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் பாக்ஸர் குட்டி வெள்ளையாகப் பிறக்கிறது. தலா ஒரு மாறிய பிரதி மட்டும் வைத்திருக்கும் ஜோடிக்குப் பிறப்பவற்றில் சராசரியாக நாலில் ஒன்று வெள்ளை. மனிதரிலும் இதே மரபணு பழுதானால் வார்டன்பர்க் நோய் வரும்: நெற்றியில் வெள்ளை மயிர்க்கற்றை, வெளிறிய கண், கேளாமை. அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன் நாய்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதிலாவது கேளாமை இருந்தது. உடம்பில் பெரிய நிற மறையோடு பிறந்த டால்மேஷியன்களுக்கு இந்த ஆபத்து குறைவு என்பதும் அதே சோதனைகளில் வெளிப்பட்டது. வெள்ளையும் கேளாமையும் சேர்ந்து வரும் இந்த வரிசையில்தான் நம் ராஜபாளையமும் நிற்கிறது.

இயற்கை தொடங்கியதை மனிதர்கள் கெட்டிப்படுத்தினார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே உள்ள மலையடிவாரத்தில் இந்த நாய் பன்றி வேட்டைக்குப் போன நாய். புதருக்குள் சருகு நொறுங்கும் சத்தம் கேட்காத நாய் அங்கே பயன்படாது. வேட்டை இருந்த காலத்தில் காடே காதைச் சோதித்துத் தந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-ல் அந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். காட்டைக் காப்பாற்ற இது அவசியமான மாற்றம். ஆனால் நாய்க்கு வேலை போனபின் அழகு மட்டுமே அளவுகோலாக மிஞ்சியது. கறுப்பும் பழுப்புமாக, மறையோடு பிறந்த குட்டிகளைப் பிறந்தவுடனேயே கொன்றுவிடும் வழக்கமும் இருந்தது. காதுக்கு நிறச் செல்லைக் கொண்டுசேர்க்கக்கூடிய வம்சத்தையே அப்படி ஒழித்துக்கொண்டோம்.

இன்று இந்த இனத்துக்குப் பெருமை கூடியிருக்கிறது. 2005 ஜனவரியில் அஞ்சல் தலை வெளிவந்தது. 2020-ல் தேசிய கால்நடை மரபு வளப் பணியகம், சிப்பிப்பாறை, முதோல் நாய்களோடு சேர்த்து ராஜபாளையத்தையும் தனி இனமாகப் பதிவு செய்தது. பதிவு வந்ததும் தேவையும் கூடும். தேவை கூடினால் கிடைத்த ஜோடியை, அண்ணன் தங்கை என்றுகூடப் பார்க்காமல் இணை சேர்ப்பார்கள். நெருங்கிய ரத்தத்தில் ஒரே பழுதான பிரதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு அதிகம்.

இரு காதும் கேளாத குட்டியை எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டிதான் தப்பிவிடும். அது கூப்பிட்டால் திரும்பும், வளரும், குட்டி போடும், பழுதையும் கடத்தும். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பச்சிளம் குழந்தைகளுக்குச் செய்யும் பெரா சோதனையை ஐந்து வாரம் தாண்டிய நாய்க்குட்டிக்கும் செய்யலாம். காதில் ஒலி கொடுத்து மூளைத்தண்டின் மின்னசைவைப் பதிவு செய்தால், எந்தக் காது கேட்கிறது என்று தனித்தனியாகச் சொல்லிவிடும்.

குட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூக்கின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் தாய் தந்தையின் காதைப் பற்றிக் கேளுங்கள். மூக்கில் கறுப்பு படிந்த குட்டியையும், காதோரம் மறை விழுந்த குட்டியையும் மட்டமென்று தள்ளாதீர்கள். வளர்ப்பவர்கள், ஒரு காது கேளாத நாயை அன்போடு வளர்க்கலாம், இணை சேர்க்கக் கூடாது. விற்பனைக்கும் கண்காட்சிக்கும் முன் கேட்கும் திறன் சான்றிதழைக் கட்டாயமாக்கும் பொறுப்பு அரசுக்கும் நாய் வளர்ப்போர் சங்கங்களுக்கும் இருக்கிறது. நாம் வெள்ளையை விரும்பும் வரை இந்தக் குட்டிகள் கேளாமல் பிறந்துகொண்டுதான் இருக்கும். நம் விருப்பத்தை மாற்றிக்கொண்டால், சில தலைமுறைகளிலேயே அந்த எண்ணிக்கையைக் குறைக்க முடியும்.