தை முதல் நாளும் ஜனவரி 15-உம்: தமிழ்–ஜப்பானிய உறவுக்குக் காட்டப்படும் ஒரு சான்று

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கும் தமிழருக்கு முதற்பாடத்திலேயே ஓர் ஆறுதல் சொல்லப்படுவது வழக்கமாகிவிட்டது: இம்மொழி நமக்கு அந்நியமன்று, ஆதியில் நம்மோடு சம்பந்தமுடையது, ஆகையால் அதன் அன்றாடச் சொற்களும் பண்டிகைகளும் எளிதில் வசப்படும் என்பது. வினைச்சொல் வாக்கியத்தின் ஈற்றில் நிற்பதும், வேற்றுமையுருபு பெயருக்குப் பின் வருவதும் கற்பவருக்கு மெய்யாகவே துணைசெய்யும். எனினும் அவ்வியல்புகள் கொரிய மொழிக்கும் துருக்கிய மொழிக்கும் உரியனவாதலால் அவற்றைக் கொண்டு உறவு பேசுவதற்கில்லை. இரு மொழிகளின் சொல்லொப்புமை பற்றி ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ (1919–2008) எழுதியவற்றையும் அவற்றுக்கெழுந்த மறுப்புகளையும் இத்துறையினர் அறிவர். ஆனால் சொற்பட்டியலில் ஐயம் கொண்டவர்கள்கூட, அவ்வழியினர் எடுத்துக்காட்டும் பண்டிகைச் சான்றின் முன் தயங்கி நின்றுவிடுகிறார்கள். நம் பொங்கலும் ஜப்பானியரின் ‘கொஷோகட்சு’ என்னும் சிறு புத்தாண்டும் ஜனவரி 15-ஐ ஒட்டி ஒரே சமயத்தில் வருகின்றன. இரண்டிலும் பழையன எரிக்கப்படுகின்றன, புதிதாக அன்னமோ கஞ்சியோ ஆக்கப்படுகிறது, காக்கைக்கு உணவிடப்படுகிறது. சடங்கு மட்டும் ஒத்தால் யதேச்சை எனலாம், நாளும் சேர்ந்து ஒத்தால் அங்ஙனம் சொல்லலாகுமா என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்துக்கு உயிர்நாடி அந்த நாளே.

ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பத்தை வெளியிட்டுவிடும் சிவகாசியில் அச்சான தினசரிக் காலண்டரில், பொங்கலன்றைய தாளைப் பார்ப்பவருக்கு ஆங்கிலத் தேதி கொட்டை எழுத்திலும், தை 1 என்பது அதனருகே சிற்றெழுத்திலும், திதியும் நட்சத்திரமும் ராகுகாலமும் அடியிலுமாக ஒரே தாளில் சேர்ந்து நிற்பது கண்ணில் படும். இச்சேர்க்கையை ஆண்டுதோறும் பார்த்துப் பழகியதால், தையும் ஜனவரி நடுவும் என்றென்றும் இணைபிரியாதவை என்ற பிரமை நமக்கு ஏற்பட்டிருக்கிறது. உண்மை வேறு. நம் சௌரமான வருஷம் நட்சத்திரத்தைப் பற்றி நிற்பது. ஆங்கில வருஷம் பருவத்தைப் பற்றி நிற்பது. இரண்டுக்குமுள்ள சிறு வித்தியாசம் சுமார் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாளாகத் திரண்டு, மகர சங்கிராந்தியை ஆங்கிலத் தேதியில் மெல்ல மெல்ல முன்னே தள்ளிக்கொண்டிருக்கிறது. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கிராந்தியன்று. தேதியோ 1863 ஜனவரி 12. உத்தராயணம் தை பிறக்கும்போது பிறக்கிறது என்று இன்றும் சொல்லிவருகிறோமே, அது வானத்தில் மெய்யாயிருந்தது ஏறத்தாழக் கி.பி. 3-ஆம் நூற்றாண்டில், அக்காலத்துத் தை முதல் நாள் இன்றைய கணக்கில் டிசம்பர் 21, 22-க்கு ஒப்பாகும்.

ஜப்பானியர் பக்கமும் இவ்வாறே. அந்நாடு மேனாட்டுப் பஞ்சாங்கத்தை மேற்கொண்டது 1873 ஜனவரி முதல் நாளில். அதற்கு முன்பெல்லாம் சிறு புத்தாண்டு என்பது சாந்திரமான முதல் மாதத்தின் 15-ஆம் நாள், அதாவது பௌர்ணமி. இன்றைய தேதியில் சொன்னால் பிப்ரவரி தொடக்கத்துக்கும் மார்ச்சு முதல் வாரத்துக்கும் இடையே எங்கேனும் விழும். மாதத்தின் 15 என்ற எண்ணை மட்டும் புதிய பஞ்சாங்கத்தில் அப்படியே நட்டுவைத்தமையால்தான் அப்பண்டிகை ஜனவரி 15-க்கு வந்து சேர்ந்தது. ஆகவே ஒரு பக்கம் அரசாணையால் ஏற்பட்ட மாற்றம், மறுபக்கம் வானநகர்வால் ஏற்பட்ட மாற்றம். இவ்விரண்டும் சந்தித்தது இருபதாம் நூற்றாண்டில். ஓனோ தம் தொடர்புக்குக் கூறிய காலமோ கிறிஸ்துவுக்கு முன் சில நூற்றாண்டுகள்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும், அது எளிதில் தள்ளத் தக்கதன்று. பண்டைத் தமிழர் பௌர்ணமியைக் கொண்டும் மாதம் கணித்தனர். பரிபாடல் கூறும் நீராடல் மார்கழித் திருவாதிரை முழுமதியில் தொடங்குகிறது. ஆகையால் சங்கிராந்தியை விட்டுத் தைப் பௌர்ணமியை எடுத்துக்கொண்டால் ஜப்பானியப் பௌர்ணமியோடு ஒத்துவராதா என்று கேட்கலாம். இன்று ஒத்துவரும், அதுவும் சில ஆண்டுகளில் மட்டும்: 2023-இல் அந்நாள் தைப்பூசத்தோடு சேர்ந்தது, 2024-இல் மாசி மகத்தோடு சேர்ந்தது. சீன முறையைத் தழுவிய ஜப்பானியப் பழம் பஞ்சாங்கம் பருவத்தைப் பற்றுவதாதலால், காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல அப்பௌர்ணமி நம் நட்சத்திரக் கணக்கில் தையை விட்டு விலகிக்கொண்டே போகிறது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் அது மாசி மகத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இடைப்பட்டதாக இருந்திருக்கும். உறவு நெருங்கியிருந்ததாகச் சொல்லப்படும் காலத்தை அணுக அணுக நாள்கள் நெருங்கவேண்டியிருக்க, அவை பிரிகின்றன. சீன முறை ஜப்பானுக்கு வருமுன் அங்கே வேறொரு கணக்கு வழங்கியிருக்கலாம் என்பாரை நான் மறுக்கமாட்டேன். அக்கணக்கு இன்னதென்று அவர்கள் காட்டும்வரை காத்திருப்பேன்.

நாள் போனபின் எஞ்சிய ஒப்புமைகளுக்கு அவ்வளவு வலிமையில்லை. விருதுநகரைச் சுற்றியுள்ள கரிசற்காட்டு வீடுகளில் காக்கைக்குச் சோறு வைப்பது பொங்கலுக்கென்று வந்ததன்று. அமாவாசையன்று பிதிர்களை நினைந்து வைத்த சோற்றைக் காக்கை வந்து எடுக்கும்வரை வீட்டார் பசியோடு காத்திருப்பது மாதந்தோறும் நடப்பது. ஜப்பானின் வடகிழக்கில் எழுப்பப்படும் ‘ஹொங்கா ஹொங்கா’ என்ற கூவலைப் ‘பொங்கலோ பொங்கல்’ என்பதோடு இணைப்பது கேட்கச் சுவையாயிருக்கிறது. சோறு பொங்கி வழிவதை அந்நாட்டார் அடுப்படியில் ‘ஃபுகிகொபொரேரு’ என்றும், நீர் கொதிப்பதை ‘வகு’ என்றும் சொல்கிறார்களே அன்றி, ‘பொங்கு’ என்பதன் இனமான வினையொன்றையும் அன்றாடம் வழங்கக் காணோம். வினையை இழந்து கூவலை மட்டும் காப்பாற்றிய சமூகத்தை அனுமானிக்க வேண்டியிருக்கிறது.

சொல்லை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு அபாயமானது என்பதற்குச் சிவகாசியே பிரத்தியட்ச உதாரணம். 1910-ஐ ஒட்டிக் கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் எளிய பொறிகளைக் கொண்டு தீப்பெட்டி செய்யத் தொடங்கின என்பதும், அவர்களிடமிருந்து உள்ளூரார் அத்தொழிலைக் கற்றனர் என்பதும் தொழில் வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. அதே கல்கத்தாவுக்கு 1922-இல் தொழில் பயிலச் சென்ற சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அடுத்த ஆண்டில் ஊர் திரும்பித் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். வரலாறு அறிந்த காலத்திலேயே, ஒரு கை மாறி, ஜப்பானியக் கைத்திறன் சிவகாசியை வந்தடைந்திருக்கிறது. ஆயினும் ‘தீப்பெட்டி ஆபீஸில்’ குச்சி அடுக்குகிறார்கள், மருந்தில் முக்குகிறார்கள், பெட்டி ஒட்டுகிறார்கள், குரோஸ் கணக்கில் கூலி பேசுகிறார்கள். தொழிலின் பேச்சில் ஜப்பானியச் சொல் ஒன்றும் என் காதில் விழுந்ததில்லை. ஜப்பானியர் தீக்குச்சிக்குச் சொல்லும் ‘மத்ச்சி’ என்பதே ஆங்கிலத்திடம் கடன்வாங்கியது என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர்மாறானது வாணவேடிக்கை. ஜப்பானியர் அதனை ‘ஹனாபி’ என்கின்றனர். ‘ஹனா’ பூ, ‘ஹி’ நெருப்பு, அது புணர்ச்சியில் ‘பி’ ஆகிறது. பூச்சட்டியும் மத்தாப்பூவும் செய்யும் ஊரில் பிறந்த மாணவன் இதைக் கேட்டதும் துள்ளிக் குதிப்பான். இரு இனத்தாரும் நெருப்பில் பூவைக் கண்டார்கள், ஆகவே மூலம் ஒன்று என்று கட்டுரையும் எழுதிவிடுவான். ஆனால் மத்தாப்பு நிலவொளியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது; ஈற்றிலுள்ள ‘பூ’ நம்மவர் நாக்கு பின்னால் ஒட்டவைத்தது. தொடர்பிருந்த தீப்பெட்டியில் சொல் இல்லை. சொல் ஒத்தாற்போலத் தோன்றும் மத்தாப்பில் தொடர்பு இல்லை.

இவையெல்லாம் சேர்ந்தும் தமிழ்–ஜப்பானிய உறவு பொய்யென்று நிர்ணயித்துவிடா. அத்தகைய நிர்ணயத்துக்கு இக்கட்டுரை முற்படவுமில்லை. ஆனால் பொங்கலைச் சான்றாக வைத்துக்கொள்ள விரும்புவோர் இனி ‘ஜனவரி 15’ என்று வெறுமனே எழுதிச் செல்வது இயலாது: எந்த நூற்றாண்டில், எந்தப் பஞ்சாங்கத்தின்படி, எந்தத் தமிழ் நாளும் எந்த ஜப்பானிய நாளும் ஒன்றாயின என்பதை அவர்கள் முதலில் சொல்லவேண்டும்.