ஒரே தெருப் பிள்ளைகள்

முதல் உலகப் போரில், வெர்டனில் ஜெர்மானியர்களிடம் பிரெஞ்சுப் படை சிக்கித் திணறியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதனால், முன்பே திட்டமிட்டிருந்த சோம் நதிக்கரைத் தாக்குதல் அவசரமாகிவிட்டது. பிரிட்டன் குறித்த நாள், 1916 ஜூலை 1.

தளபதி ஹெய்க் போட்ட கணக்கு எளிது. ஒரு வாரம் விடாமல் பீரங்கி அடித்தால் முள்வேலி அறுந்துவிடும், பதுங்குகுழியில் எவனும் மிஞ்சமாட்டான், பிறகு போய்ப் பிடித்துக்கொள்ளலாம். சுமார் 15 லட்சம் குண்டுகள் பொழிந்தார்கள். பெரும்பாலானவை ரவை சிதறும் வகை. முள்வேலி பல இடங்களில் அப்படியே நின்றது. வெடிக்காமல் மண்ணில் புதைந்தவையும் ஏராளம். ஜெர்மானியர்களோ சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, முப்பது அடி ஆழத்தில் காத்திருந்தார்கள்.

இவர்களை எதிர்த்துப் போனவர்கள் யார்? 1914-இல் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள்தாம் பெரும்பாலோர். நண்பர்கள் சேர்ந்து வந்தால் ஒரே படைப்பிரிவில் வைத்துக்கொள்வோம் என்று அரசு ஆசை காட்டியிருந்தது. லிவர்பூலில் டெர்பி பிரபு தொடங்கிவைத்த யோசனை இது. ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டது. ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள், அண்ணன் தம்பிகள், ஒரே பந்தாட்டக் குழுவினர் என்று வரிசையில் நின்றார்கள்.

அக்ரிங்டன் அப்படி ஓர் ஊர். லங்காஷயரின் பருத்தி ஆலை நகரம். (நம் சந்தைகளை நிறைத்த சீமைத் துணி அந்த வட்டாரத்திலிருந்துதான் வந்தது.) போருக்குச் சற்று முன் அங்கிருந்த பெரிய எந்திரத் தொழிற்சாலையில் கதவடைப்பு. கூலியில்லாமல் நின்ற இளைஞர்களுக்குப் பட்டாளச் சம்பளம் பெரிதாகத் தெரிந்ததில் வியப்பென்ன? அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் சேர, சில நாள்களிலேயே படைப்பிரிவு நிரம்பியது.

ஜூலை 1 காலை 7.30. செர் என்ற சிற்றூரைப் பிடிக்க அக்ரிங்டன்காரர்கள் சுமார் 700 பேர் மேட்டை நோக்கி எழுந்தார்கள். பிரிட்டிஷ் பீரங்கி அந்நேரம் இலக்கைப் பின்னுக்கு மாற்றிவிட்டது. குழியிலிருந்து மேலேறி வந்து எந்திரத் துப்பாக்கியை நிறுத்த ஜெர்மானியர்களுக்கு அந்த அவகாசம் போதுமானதாக இருந்தது. அரை மணி நேரத்தில் 584 பேர் செத்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள்.

முதலில் வந்த செய்தித்தாள்கள் வெற்றி என்றே எழுதின. பிறகு காயம்பட்டவர்களின் கடிதங்கள் அக்ரிங்டனுக்கு வந்தன. வீடு வீடாகத் திரைச்சீலைகள் மூடப்பட்டன. உண்மையைச் சொல்லுங்கள் என்று மக்கள் மேயரின் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள்.

ஜூலை 1 அன்று ஒருநாளில் மட்டும் பிரிட்டிஷ் படை இழந்தது 57,470 பேர்; அதில் இறந்தவர்கள் மட்டும் 19,240. ஹெய்க்கின் பிழையை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆள் சேர்த்தவர்களின் பிழையை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஊரோடு சேர்த்தால் சாவும் ஊரோடுதான் வரும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்திருக்க வேண்டும்.

சண்டை நவம்பர் 18 வரை நீண்டது. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் இழப்பு 4 லட்சத்தைத் தாண்டியது. முன்னேறிய தூரம் அதிகபட்சம் சுமார் 10 கிலோமீட்டர். செர் கிராமம் அதற்குள் வரவில்லை. 1917 பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் தாங்களே காலி செய்துவிட்டுப் பின்வாங்கிய பிறகுதான் பிரிட்டிஷ் படை அங்கே நுழைந்தது.

(தொடரும்)