152 கிலோ கல்லும் ஒரு கட்சியும்

ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பழைய நகர மண்டபத்தைப் புதுப்பித்து, 2024 மார்ச் 30 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அங்கே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் செம்மை கலந்த மணற்கல் ஒன்று இருக்கிறது. நீளம் 66 செ.மீ., அகலம் 42 செ.மீ., உயரம் 27 செ.மீ., எடை 152 கிலோ. இரண்டு முனைகளிலும் இரும்பு வளையங்கள், மேலே கரடுமுரடாகக் கீறிய ஒரு சிலுவை. வீட்டு வாசலில் படிக்கல்லாகப் போட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்காட்லாந்தின் அரசர்கள் இதன்மேல் அமர்ந்துதான் அரசர்களானார்கள். இந்தக் கல்லுக்காக ஒரு நாட்டின் எல்லைச் சாலைகளில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. விடுதலை கேட்கும் ஒரு கட்சியின் வரலாறும் இந்தக் கல்லின் பயணமும் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னிக் கிடக்கின்றன.

பெயர் ஸ்கூன் கல். விவிலியத்து யாக்கோபு தலை வைத்துத் தூங்கிய கல், எகிப்து, ஸ்பெயின், அயர்லாந்து வழியாக வந்தது என்று பழங்கதை சொல்லும். புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, ஸ்கூன் ஊரைச் சுற்றியுள்ள பாறையில் வெட்டியதுதான் என்றார்கள். எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் பிடித்திருக்கிறது. உள்ளூர்ப் பாறை ஒன்றை ஒரு மக்கள் கூட்டம் தன் அரசுரிமையின் அடையாளமாக உயர்த்தியது என்பது எந்தப் பழங்கதைக்கும் குறைந்ததல்ல.

1292 நவம்பர் 30, புனித ஆண்ட்ரூ திருநாள். அன்று ஜான் பேலியல் இந்தக் கல்லின்மேல் அரசரானார். நான்கே ஆண்டுகளில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் படையெடுத்து வந்து கல்லைத் தூக்கிக்கொண்டு போனார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அதற்கென்றே ஓக் மரத்தில் ஒரு நாற்காலி செய்து, இருக்கைக்குக் கீழே கல்லைப் பொருத்தினார்கள். இனி இங்கிலாந்து அரசர் முடிசூடும்போதெல்லாம் ஸ்காட்லாந்தின் அரசுரிமை அவர் காலடியில் இருக்கும் என்பது அதன் பொருள். 1328இல் மூன்றாம் எட்வர்ட் கல்லைத் திருப்பிக் கொடுக்க ஆணையிட்டார், ஆணை நிறைவேறவில்லை. 1914 ஜூனில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள் வைத்த வெடிகுண்டு அந்த நாற்காலியைச் சேதப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது கல்லைத் தேவாலயத்துக்குள்ளேயே புதைத்து வைத்தார்கள்.

இதற்கிடையில் ஸ்காட்லாந்தில் கட்சி பிறந்தது. 1928இல் தொடங்கிய ஸ்காட்லாந்து தேசியக் கட்சியும், தன்னாட்சி மட்டும் போதும் என்ற ஸ்காட்டிஷ் கட்சியும் 1934இல் ஒன்றாகி ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி ஆயின. முழு விடுதலையா, தன்னாட்சியா என்ற சண்டை அன்றிலிருந்தே உள்ளே கனன்றது. தொடக்கத்திலிருந்து கட்சியைக் கட்டியவர்களில் ஒருவரான ஜான் மெக்கார்மிக் 1942இல் வெளியேறினார். 1949இல் அவர் முன்னின்று நடத்திய உடன்படிக்கை இயக்கம், ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் கேட்டு ஏறத்தாழ 20 லட்சம் கையெழுத்துகளைத் திரட்டியதாகச் சொன்னது. லண்டன் அசையவில்லை. கட்சியோ மிகச் சிறியது. 1945இல் மதர்வெல் இடைத்தேர்தலில் ராபர்ட் மெக்கின்டயர் வென்று முதல் உறுப்பினராக நாடாளுமன்றம் போனார். சில மாதங்களில் வந்த பொதுத்தேர்தலில் தொகுதி கைநழுவியது. 1955 பொதுத்தேர்தலில் அக்கட்சி நிறுத்திய வேட்பாளர்கள் இரண்டே பேர்.

கையெழுத்தும் வாக்கும் எடுபடாத 1950இல்தான் கிளாஸ்கோவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இயன் ஹாமில்டனுக்குக் கல்லின் நினைவு வந்தது. வயது 25. துணைக்கு கேவின் வெர்னன், ஆலன் ஸ்டூவர்ட், கே மேத்தசன். மேத்தசன் மனையியல் ஆசிரியை. நால்வரும் இரண்டு ஃபோர்டு ஆங்கிலியா கார்களில், கடுங்குளிரில், லண்டன் போனார்கள். முதல் முயற்சியில், தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்த ஹாமில்டன் இரவுக் காவலாளியிடம் சிக்கினார். வீடற்ற பையன் என்று நினைத்த காவலாளி, கையில் காசு இருக்கிறதா என்று கேட்டு வெளியே அனுப்பினார்.

1950 டிசம்பர் 25. விடிவதற்கு முன் ஆண்கள் மூவரும் தேவாலயத்தின் கவிஞர் மூலைப் பக்கக் கதவை நெம்பி உள்ளே நுழைந்தார்கள். நாற்காலியிலிருந்து இழுக்கும்போது கல் இரண்டாகப் பிளந்தது. சிறிய துண்டே நாற்பது கிலோ. அதை ஹாமில்டன் தூக்கிவந்து மேத்தசன் காத்திருந்த காரில் வைத்த நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார். இருவரும் காதலர்கள்போல் கட்டிக்கொண்டார்கள். அவர் சற்று நேரம் நின்று பேசிவிட்டுப் போனார். மேத்தசன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஹாமில்டன் திரும்பி வந்து பார்த்தால் நண்பர்கள் இருவரையும் காணவில்லை. இன்னொரு காரின் சாவி அவருடைய கோட்டில் இருந்தது. அந்தக் கோட்டின்மேல் வைத்துத்தான் கல்லை இழுத்திருந்தார்கள். இருட்டில் தட்டுத் தடுமாறிச் சாவியைக் கண்டெடுத்து, நூறு கிலோவுக்கும் மேலான பெரிய துண்டைத் தனியாளாக இழுத்துக் காரில் ஏற்றினார்.

ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நானூறு ஆண்டுகளில் முதல்முறையாக எல்லையை மூடியதாகப் பத்திரிகைகள் எழுதின. பெரிய துண்டை கென்ட் பகுதியில் ஒரு வெட்டவெளியில் புதைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். சில நாள் கழித்து எடுக்கப் போனபோது அந்த இடத்தில் நாடோடிக் குடும்பங்கள் முகாமிட்டு அடுப்பு மூட்டியிருந்தன. ஹாமில்டன் அவர்களோடு உட்கார்ந்து குளிர்காய்ந்து, மெல்லப் பேசி நிலைமையை உணர்த்தினார். அவர்களே கல்லைத் தூக்கிக் காரில் ஏற்ற உதவினார்கள். இந்தக் கதையில் என் மனம் நிறைவது இங்கேதான். ஊரும் நிலமும் இல்லாதவர்கள், இன்னொருவருடைய நாட்டின் அடையாளத்தைக் காட்டிக் கொடுக்காமல் கைகொடுத்தார்கள். எல்லை தாண்டியதும் கல்லின்மேல் சிறிது விஸ்கி ஊற்றினார்கள்.

கிளாஸ்கோவில் பெர்ட்டி கிரே என்ற கல்தச்சர் இரண்டு துண்டுகளையும் உலோகத் தண்டு கொடுத்து ஒட்டினார். அவர் மாநகராட்சி உறுப்பினரும்கூட, மெக்கார்மிக்கின் இயக்கத்துக்காரர். ஒட்டும்போது உதிர்ந்த சில்லுகளை அவர் வீணாக்கவில்லை. 34 சில்லுகளுக்கு எண்ணிட்டு, பலருக்குக் கொடுத்தார். 1951 ஏப்ரல் 11 அன்று ஆர்பிரோத் மடாலயத்தின் இடிபாடுகளுக்குள், பலிபீடம் இருந்த இடத்தில், ஸ்காட்லாந்துக் கொடி போர்த்திக் கல்லை வைத்துவிட்டுப் போனார்கள். 1320இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்கள் நாட்டின் விடுதலையை அறிவித்துப் போப்பாண்டவருக்குக் கடிதம் அனுப்பிய இடம் அது.

விசாரணை ஹாமில்டன் வீட்டு வாசல் வரை வந்தது. கிளாஸ்கோவின் மிட்செல் நூலகத்தில் அவர் வெஸ்ட்மின்ஸ்டர் பற்றிய நூல்களைக் கேட்டு எழுதிக்கொடுத்த சீட்டுகள் அவரைக் காட்டிக் கொடுத்தன. ஆனாலும் வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று அரசு தலைமை வழக்கறிஞர் ஷாக்ராஸ் முடிவு செய்தார். நால்வரையும் கூண்டில் நிறுத்தினால் ஸ்காட்லாந்து முழுக்க அவர்கள் பின்னால் நிற்கும் என்பது லண்டனுக்குத் தெரியும். கல் 1952இல் வெஸ்ட்மின்ஸ்டர் நாற்காலிக்குத் திரும்பியது; அடுத்த ஆண்டு இரண்டாம் எலிசபெத் அதன்மேல் முடிசூடினார்.

கல்லை எடுத்தது கட்சி அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்சிக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்துத்தான் கதவு திறந்தது. 1967இல் ஹாமில்டன் தொகுதி இடைத்தேர்தலில், தொழிற்கட்சியின் கோட்டையில், வின்னி யூவிங் வென்றார். கிரேயின் சில்லுகளில் ஒன்று அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1970இல் வட கடலில் ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் பெரிய எண்ணெய் வயல் கண்டறியப்பட, இந்த எண்ணெய் யாருடையது என்ற கேள்வியோடு கட்சி ஊர் ஊராகப் போனது. 1974 அக்டோபர் தேர்தலில் 11 இடங்கள், ஸ்காட்லாந்து வாக்குகளில் 30 சதவீதம்.

1979இல் நடந்ததை நான் அநீதி என்றே சொல்வேன். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை வைத்திருந்தார்கள். இறந்துபோய்ப் பட்டியலில் பெயர் நீக்கப்படாதவர்கூட எதிர்த்து வாக்களித்த கணக்கில் சேர்ந்தார். கோபத்தில் கட்சி, தொழிற்கட்சி அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரித்தது. 311க்கு 310 என்று ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. தொடர்ந்து வந்த தேர்தலில் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். 11 இடம் வைத்திருந்த கட்சி இரண்டு இடங்களுக்குச் சுருங்கியது. கோபம் நியாயமானது. அதைத் தீர்த்துக்கொண்ட வழிக்குக் கட்சி பல ஆண்டுகள் விலை கொடுத்தது.

1996 ஜூலை 3 அன்று பழமைவாதக் கட்சிப் பிரதமர் ஜான் மேஜர், கல்லை ஸ்காட்லாந்துக்கு அனுப்பப் போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். எட்வர்ட் தூக்கிப் போய்ச் சரியாக 700 ஆண்டுகள். நவம்பர் 15 அன்று ராணுவக் காவலோடு ட்வீட் ஆற்றின் கோல்ட்ஸ்ட்ரீம் பாலத்தைக் கல் கடந்தது. நவம்பர் 30, மறுபடியும் புனித ஆண்ட்ரூ திருநாளில், எடின்பரோ கோட்டைக்குள் நுழைந்தது. வழிநெடுக ஆயிரக்கணக்கானோர் நின்று பார்த்தார்கள். ஆறு மாதத்தில் பொதுத்தேர்தல் வந்தது. ஸ்காட்லாந்தின் 72 தொகுதிகளில் ஒன்றில்கூடப் பழமைவாதக் கட்சி வெல்லவில்லை. கல்லை மீட்டுத் தந்ததில் பெரும்பங்கு வகித்த அமைச்சர் மைக்கேல் ஃபோர்சைத்தும் தோற்றார். மக்கள் கேட்டது நாடாளுமன்றம். அதே 1997 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 74.3 சதவீதம் பேர் அதற்கு ஆம் என்றார்கள். 1999இல் எடின்பரோவில் அது கூடியது.

பிறகு நடந்தவை வேகமானவை. 2007இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 47 இடங்கள், தொழிற்கட்சியைவிட ஒன்றே ஒன்று கூடுதல். அலெக்ஸ் சால்மண்ட் முதலமைச்சர் ஆனார். 2011இல் 129க்கு 69. 2014 செப்டம்பர் 18 அன்று விடுதலை வாக்கெடுப்பு. பதினாறு வயதினர்கூட வாக்களித்தார்கள், 84.6 சதவீதம் வாக்குப் பதிவு, 55.3க்கு 44.7 என்று விடுதலை தோற்றது. சால்மண்ட் பதவி விலகினார், நிக்கோலா ஸ்டர்ஜன் வந்தார். மறு ஆண்டே லண்டன் நாடாளுமன்றத்துக்கான தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59க்கு 56 இடங்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், லண்டனின் இசைவில்லாமல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2024 பொதுத்தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை 9 இடங்கள்.

அந்த 2024இல்தான் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. கல்லின் சில்லு ஒன்றை 2008இல் சால்மண்டிடம் ஒருவர் கொடுத்திருந்தார்: சட்டத் தத்துவ அறிஞர் நீல் மெக்கார்மிக், கட்சியைக் கட்டிய அதே ஜான் மெக்கார்மிக்கின் மகன். அரசு ஆவணங்கள் வழியாக விஷயம் தெரிய வந்தபோது, அந்தச் சில்லு எடின்பரோவில் கட்சியின் தலைமையகத்தில் இருந்தது. கொடுத்தவரின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முதலமைச்சராக இருந்தவருக்கு வந்த பொருள் கட்சி அலுவலகத்துக்குப் போனது பிழை. கட்சி வேறு, நாடு வேறு. ஒரு தேசியக் கட்சி எல்லோருக்கும் முன்னால் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது. கிரே கொடுத்த சில்லுகளை இப்போது ஸ்டெர்லிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாலி ஃபாஸ்டர் தேடிப் பதிவு செய்துவருகிறார். அந்தப் பதிவேட்டில் கட்சியிடம் இருந்த துண்டும் பொதுச் சொத்தாக இடம்பெற வேண்டும்.

ஹாமில்டன் 2022 அக்டோபரில் 97 வயதில் இறந்தார். கல்லை எடுத்ததற்காக ஒருவரும் சிறை போகவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியும் தொண்ணூறு ஆண்டுகளாக வாக்குச்சீட்டை விட்டு விலகவில்லை. விடுதலை இயக்கங்களின் வரலாற்றில் இது எவ்வளவு அரிது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

1996இல் கல் வந்ததே தவிர, உரிமை வரவில்லை. சட்டப்படி அது இன்றும் பிரிட்டிஷ் முடியரசின் சொத்து. ஒவ்வொரு முடிசூட்டுக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் போய்வர வேண்டும் என்பது நிபந்தனை. 2023 மே மாதம் மூன்றாம் சார்ல்ஸ் முடிசூடியபோது அது லண்டன் போனது. கல்லைக் காக்கும் ஆணையர்கள் நால்வரில் ஸ்காட்லாந்தின் முதலமைச்சரும் ஒருவர். அன்று அந்தப் பதவியில் இருந்தவர் ஹம்சா யூசஃப், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் தலைவர். அடுத்த முடிசூட்டுக்கும், நிபந்தனை மாறாதவரை, கல் போயாக வேண்டும்.